நான் தொரையாக இருந்த தோட்டங்கள்

போன வருடம் வரை நான் பல தேயிலைத் தோட்டங்களுக்குத் துரை. பசறைப் பக்கம் சில, தெமோதரைப் பக்கம் சில, மிச்சம் பதுளையைச் சுற்றி. எந்தத் தோட்டத்திலும் எனக்கு ஒரு செடிகூடக் கிடையாது. பங்களா கிடையாது, ஜீப் கிடையாது, என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற ஆள் கிடையாது. எல்லாம் இணையத்தில் இருந்தன. என் மனைவி மட்டும் என்னை மதித்து 'தொரை' என்று கூப்பிடுவாள்.

"தொரை, அந்தக் குப்பையக் கொண்டுபோயி கொட்டிட்டு வாங்க."

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், லெமினேட்டிங், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குக் கொடுக்கிற விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது. ஆள் வராத நேரம் நிறைய. அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து மாட்டினார், அல்லது நான் அவரிடம் மாட்டினேன். இணையத்தில் ஒரு பக்கத்துக்குப் போக நாம் தட்டுகிற முகவரி இருக்கிறதே, டொட் கொம் என்று முடிவது, அதற்கு டொமைன் என்று பேர். யார் முதலில் பதிகிறாரோ அவருக்குச் சொந்தம். வருடா வருடம் கட்டணம் கட்டி வைத்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் அந்தப் பேர் அவசரமாகத் தேவைப்படுகிற ஒரு கம்பனி ஓடி வந்து கேட்ட விலையைக் கொடுக்கும். "நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பேர்கள் உங்களுக்காக உழைக்கும்" என்றார் கோட்டுக்காரர். தூங்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. இனி உழைப்பதற்குப் பேர்கள்தான் தேவை.

எந்தப் பேர்களை வாங்குவது என்று யோசித்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். எதிரில் பஸ் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "ஊசிப்பாறை, நரியோடை, எலுமிச்சங்காடு, தகரமலை... ஏறுங்க, ஏறுங்க!" எனக்குப் பொறி தட்டியது.

எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேர். ரோட்டோரப் பலகையில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்தது. ஸ்கொட்லாந்தில் அவன் பிறந்த ஊராக இருக்கும், இல்லாவிட்டால் அவன் பெண்சாதி பேராக இருக்கும். சம்பளச் சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் அதுதான். ஆனால் ஆட்களின் வாயில் வருவது வேறு. காட்டை வெட்டி மலையைத் திறந்த காலத்தில் கண்ணில் பட்டதை வைத்து நம்ம ஆட்கள் சூட்டிய பேர்கள். தகரமலையில் முதல் முதலாகக் கட்டிய பெக்டரிக்குத் தகரக் கூரையாம், வெயிலில் மலையே மின்னுமாம். அவ்வளவுதான், பேர் வைத்தாகிவிட்டது. இங்கிலீஷ் பேரைச் சொன்னால் கண்டக்டர் முழிப்பார். தகரமலை என்றால் சரியாக இறக்கிவிடுவார்.

இத்தனை வாய்கள் தினமும் சொல்கிற பேரை இத்தனை விரல்களும் ஒருநாள் தட்டத்தானே போகின்றன? இணையத்தில் போய்ப் பார்த்தேன். இங்கிலீஷ் பேர்களை எல்லாம் யார் யாரோ பதிந்து வைத்திருந்தார்கள். நம்ம பேர்களை ஒருவரும் தொடவில்லை. உலகத்துக்கே கண் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் கத்தக் கத்த வாங்கினேன். ஒவ்வொன்றையும் என் மெயில் முகவரியோடு 'விற்பனைக்கு' என்று போட்டு வைத்தேன்.

அந்தப் பேர்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்தந்தத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். வரிசை அறைகளான லயத்தில் இருக்கிறவர் தன் லயத்துக்கு வழி கேட்டு இணையத்தில் தேட மாட்டார். வெளியில் இருக்கிறவர்களுக்கோ இப்படி ஒரு பேர் இருப்பதே தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் மனைவி விஷயத்தைக் கேட்ட உடனேயே யோசித்துவிட்டாள். ஆனால் அவள் கேட்கும்போது நான் வாங்கி முடித்திருந்தேன்.

அவள் தோட்டப் பாடசாலை டீச்சர். பிறந்தது தகரமலையில். பேங்கில் என் கடையைப் பற்றி விசாரித்துவிட்டு, கார்டை அவள் பேரில் கொடுத்தார்கள். அதனால் நான் என்ன வாங்கினாலும் ஓ.டி.பி. நம்பர் அவளுடைய போனுக்குத்தான் வரும். முதல் தடவை அது லைட் பில்லுக்கு என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நம்பருக்கும் விசாரணை.

டீச்சர் வேலை போக அவளுக்கு இன்னொரு வேலை உண்டு, கேக் போடுவது. பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கிறிஸ்மஸ் எதுவென்றாலும் ஆட்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ருசி அப்படி. ஆனால் ஓவன்தான் கிழடு. கதவு மூடாது. சேலைக் கரையைக் கிழித்துக் கட்டித்தான் மூட வேண்டும். உள்ளே தட்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அதற்கு அடியில் மடித்த காட்போட் அட்டை. அப்படியும் கேக் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துதான் வெளியே வரும். "டீச்சர், கேக்கு நமுனுகுல மலை மாதிரி இருக்கே" என்று ஒரு அம்மா சொன்னார். என் மனைவி சிரித்துக்கொண்டே உயர்ந்த பக்கத்தை வெட்டி இறங்கிய பக்கத்தில் வைத்து ஐசிங்கால் மூடினாள். வெட்டி எடுத்த துண்டில் மீந்ததைத் தின்கிற உத்தியோகம் எனக்கு. அதனால் அந்தப் பழைய ஓவன் மேல் எனக்குப் பெரிய வெறுப்பு இருந்தது என்று சொல்ல முடியாது.

வருடத்துக்கு ஒருமுறை பேர்களுக்குக் கட்டணம் கட்டச் சொல்லி மெயில் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டுக் குசினியில் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதேபோல. நான் போனைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். அவள் மாவைக் கிண்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். கட்டணம் கட்டலாம் என்றால் 'நிக்கட்டும்'. விற்கப் பார்க்கலாம் என்றால் 'விக்கட்டும்'. கட்டாமல் விட்டுவிடலாம் என்றால் 'போகட்டும்'.

"ஊசிப்பாறை டொட் கொம்."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா சுற்றுலா..."

"ஊசிப்பாறைக்கு சுற்றுலாவா? அட்டக்கடி வாங்கவா போவாங்க? போகட்டும்."

"நரியோடை?"

"நரியே வித்துட்டுப் போயிருச்சு. போகட்டும்."

முதல் வருடங்களில் நான் அழாத குறையாகக் கெஞ்சி பாதியையாவது 'நிக்கட்டும்' ஆக்கிவிடுவேன். துரை மாதிரி வாதாடுவேன். எங்கள் ஆட்களுக்கு லயத்துக்குக்கூட உறுதிப் பத்திரம் இல்லை, இங்கே பார், முழுத் தோட்டமே என் பேரில் இருக்கிறது என்பேன். அவள் கரண்டியை உயர்த்திக் காட்டி, "அதுவும் வருசக் குத்தகைதானுங்களே தொரை" என்பாள். அதற்குப் பதில் கோட்டுக்காரரின் வீடியோவில் இல்லை. டொலர் ஏறிய பிறகு என் வாதம் இன்னும் மெலிந்தது.

போன வருடப் பெரட்டு வேறு மாதிரி இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பசறையிலிருந்து ஒரு குடும்பம் வந்து கல்யாணக் கேக்குக்குச் சொல்லியிருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் கல்யாணக் கேக். அடுக்கடுக்காக நிறுத்தி வைக்கிற கேக். பிறந்தநாள் கேக் சாய்ந்தால் பிள்ளைகள் கைதட்டும். கல்யாணக் கேக் சாய்ந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். "கல்யாணத்துக்குள்ள புது ஓவன் வாங்க முடியலன்னா, பவுணுக்கு டவுன் பேக்கரியைப் பாக்கச் சொல்லிருவேன். நம்ம பேரைக் கெடுத்துக்க முடியாதுங்க" என்றாள். பவுண் என்று அவள் சொன்னது கல்யாணப் பெண்ணை. அவளிடம் படித்த பிள்ளை, பவுண் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவாள். சொல்லும்போது கிண்டலே இல்லை. அதனால் எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அன்றைக்கு நானே பேரைக் கூப்பிட்டு நானே 'போகட்டும்' என்றேன். ஊசிப்பாறை போனது. எலுமிச்சங்காடு போனது. கடைசியில் தகரமலை வந்தது.

"இது ஒன் தோட்டம்" என்றேன். "இது மட்டும் நிக்கட்டுமே."

"அங்க பொறந்து வளந்து கொழுந்துக் கூடையோட மல்லுக்கட்டினது போதாதா? வருசா வருசம் காசு வேற கட்டணுமா? போகட்டும்."

துரைமார் கப்பல் ஏறியபோது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு விளங்கியது. கெடுத் தேதி முடிந்து எல்லாப் பேர்களும் காலாவதியாயின. உலகம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் மெயில் வந்தது. இத்தனை வருடத்தில் வந்த ஒரே மெயில். "தகரமலை டொட் கொம் விற்பனைக்கு என்று பார்த்தேன், என்ன விலை?" என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டிருந்தார். கோத்தகிரியில் இருக்கிறாராம், இந்தியாவில்.

காலாவதியான பேரைக் கொஞ்ச நாள்வரை பழைய கட்டணத்துக்கே மீட்கலாம், அதற்குப் பிறகு போனால் போனதுதான். மீட்கவா, விடவா? ஆள் உண்மையாகவே வாங்குவாரா, சும்மா கேட்கிறாரா? மீட்டு அவர் வாங்காமல் போனால் அது ஓவனுக்குச் சேர்த்த காசிலிருந்து போன காசு. இதையெல்லாம் மனைவியிடம் சொல்லாமல், கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடி நடந்தேன். வாங்க வருகிறவருக்கு உடனே பதில் போடக் கூடாது. நமக்கு வேலை அதிகம் என்று அவர் நினைக்க வேண்டும். எனக்கு வேலை அதிகம் என்று அவர் நினைப்பதற்காக நான் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"மெயில் வந்து எத்தன நாளுங்க?"

"கொஞ்ச நாள்."

"பதில் போடலயா?"

"போடக் கூடாதாம். அது ஒரு உத்தி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஓவன் இல்லாமலே கேக் வெந்திருக்கும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "கட்டுங்க. நம்பர் வந்தா சொல்றேன்." வந்தது, சொன்னாள். தகரமலை திரும்பி வந்தது. எங்கள் வாழ்க்கையில் விசாரணை இல்லாமல் கிடைத்த ஓ.டி.பி. அது ஒன்றுதான். ஓவன் காசில் கையை வைத்துவிட்டோம் என்று இருவருக்கும் தெரியும்.

உத்தியை விட்டுவிட்டு மெயிலுக்குப் பதில் போட்டு என் நம்பரைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போனில் கூப்பிட்டார். நான் குசினி மேசையில் போனை ஸ்பீக்கரில் வைத்து, தொண்டையைச் செருமி, "குட் ஆஃப்டர்நூன் சேர்" என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு.

"தமிழ்லயே பேசுங்க தம்பி. தகரமலைன்னு பேரை வச்சுக்கிட்டு இங்கிலீஸு எதுக்கு?"

எங்கள் ஆட்கள் பேசுகிற அதே பேச்சு. கோத்தகிரியில் இருந்து வந்தாலும் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் நிற்கிறவர் பேசுவது போல இருந்தது. கல்யாணங்களுக்கும் காதுகுத்துக்கும் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறாராம். அவர் அப்பா தகரமலையில் பிறந்தவர். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு நம்ம ஆட்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கப்பல் ஏறியவர். அங்கே போய்ச் சின்னதாக ஆரம்பித்த கடைக்குத் தெரிந்த ஒரே ஊர்ப் பேரை வைத்துவிட்டார். தகரமலை வாடகை ஸ்டோர்ஸ். "தோட்டத்தோட இங்கிலீஸு பேரு என்னன்னு எங்கப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது தம்பி. இப்ப மக வெப்சைட் போடணுங்குறா. பாத்தா பேரு உங்ககிட்ட இருக்கு. எங்களத் தவிர இந்தப் பேரு எவனுக்கு வேணும்னு எனக்கு ஒரே ஆச்சரியம்."

பேசிக்கொண்டே ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு மண்டபம் நிறைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் 'தகரமலை'. எங்கோ ஒரு ஊரில், யாரோ யாருடைய கல்யாணத்திலோ, என் மனைவியின் தோட்டத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்து சாம்பார் சாதத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த முதலீட்டாளர் உருகிப் போனார். கோட்டுக்காரர் சொன்னதெல்லாம் மறந்தது. "அண்ணே, இது உங்க பேருண்ணே. விலையெல்லாம் வேணாம். சும்மா எடுத்துக்க..."

போன் என் கையில் இல்லை. கேக் கரண்டி பிடித்திருந்த கை அதைப் பிடுங்கியிருந்தது.

"அண்ணே, வணக்கம்ணே. அவரு சொல்றத எடுத்துக்காதீங்க, அவரு பசி வந்தா இப்புடித்தான் பேசுவாரு. நான் அவரு வீட்டுக்காரி. பொறந்தது தகரமலை."

"அப்புடியாம்மா!"

"உங்கப்பா மேல் டிவிசனா, கீழ் டிவிசனா?"

"கீழ் டிவிசன்னு சொல்வாரு. பன்னெண்டு காம்பரா லயம், தண்ணி விழுற பீலிக்கிட்ட."

"அந்தப் பீலி இன்னும் இருக்குண்ணே. தண்ணிக்கு நிக்குறப்ப சண்ட போட்டு என் குடம் நெளிஞ்சதே அங்கதான்."

"எங்க அத்த ஒருத்தங்க குடமும் அங்கதான் நெளிஞ்சுச்சாம். எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்ப சரி. கீழ் டிவிசன் பீலித் தண்ணி குடிச்சவங்க மகன்னா எனக்கு அண்ணன் மொறதான்."

"ஆமாம்மா, தங்கச்சிதான்."

நான் நெகிழ்ந்து போய் நின்றேன். அவள் நெகிழ்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணன்னா எனக்குக் கல்யாணத்துல சீர் வந்திருக்கணுமேண்ணே. வரலயே?"

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. "மாப்ள! மாப்ள இருக்கீங்களா? எப்புடி இதுகூடக் குடும்பம் நடத்துறீங்க?"

"நடத்துறது அவதாண்ணே" என்றேன். "நான் சும்மா பஸ்ஸுல ஏறி உக்காந்துருக்கேன்."

"சரி தங்கச்சி, என்ன சீர் வேணும்?"

"ஒரு ஓவன்" என்றாள். பிறகு கல்யாணக் கேக் கதை, சேலைக் கரை, காட்போட் அட்டை, நமுனுகுல மலை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிக் கேட்டார். என் பேருக்கு அவர் கொடுக்க நினைத்திருந்த விலையை அவரும் சொல்லவில்லை, நான் கேட்க நினைத்திருந்த விலையை நானும் சொல்லவில்லை. விலை பேசாமலே விலை முடிந்திருந்தது. கோட்டுக்காரர் இந்த முறையைத் தன் வீடியோவில் சேர்க்கலாம்.

பேரை மாற்றிக் கொடுத்த பிறகுதான் காசு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காசு வந்த பிறகுதான் பேரைக் கொடுக்க வேண்டும் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, அவர் காசை அனுப்பிவிட்டார். "தங்கச்சிக்கு அனுப்புறதுக்கு ரசீதா கேப்பாங்க மாப்ள?" பேரை மாற்றுகிற வேலைதான் இழுத்தது. பாஸ்வேர்டை மறந்திருந்தேன். யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று வைத்தது. என்னாலும் ஊகிக்க முடியவில்லை. அவர் மகள்தான் போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தாள். "மாமா, இப்ப அந்த நீலப் பட்டனை அமுக்குங்க. மாமா, அது பச்சை."

பதுளை டவுனில் ஓவன் வாங்கி, முச்சக்கர வண்டியில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கதவு கை வைத்தாலே மூடியது. என் மனைவி அதைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு வெளியில் போய் நின்று, உள்ளே வந்து, திரும்பவும் மூடிப் பார்த்தாள். பழைய ஓவனில் கட்டியிருந்த சேலைக் கரையை அவிழ்த்து மடித்து அலுமாரியில் வைத்தாள்.

கல்யாணக் கேக்கைப் பசறைக்கு வேனில் கொண்டுபோனோம். அந்த ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வளைவுக்கு ஒரு தடவை நான் கேக் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன், அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அங்கே போய் அடுக்கி நிறுத்தியபோது கேக் நேராக நின்றது. பவுண் ஓடி வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் கேக்கைப் போட்டோ எடுத்துக் கோத்தகிரிக்கு அனுப்பினேன். "நாற்காலி யாரு சப்ளை? கோணலா போட்டுருக்கான்" என்று பதில் வந்தது.

வெட்டி எடுக்கத் துண்டு இல்லாததால் எனக்குத் தின்னக் கிடைக்கவில்லை. நேராக வெந்த கேக்கின் குறை அது ஒன்றுதான்.

மற்றத் தோட்டங்கள் போனவை போனவைதான். நரியோடையை யாராவது எடுத்திருக்கிறார்களா என்று ஆசையில் அவ்வப்போது பார்ப்பேன். ஒருவரும் எடுக்கவில்லை. அதுதான் பெரிய அவமானம். துரை பட்டம் மட்டும் இன்னும் கழலவில்லை, குப்பையும் என்னோடுதான்.

ஒரு குறை வந்து சேர்ந்தது. சீர் கொடுத்த அண்ணனுக்குத் தங்கச்சி புருஷனைத் தட்டிக் கேட்கிற உரிமை வந்துவிடுகிறது. போன வாரம் கண்டக்டர் புதிதாக ஒரு பேரைக் கத்தினார். தேன்பாறை. இவ்வளவு இனிப்பான பேரை யாரும் பதியவில்லையாம், பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நைசாக மனைவியிடம் போனைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு நம்பர் வரும்."

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

கேட்டேன். போனில் முழுதாக விளக்கினேன். தேனும் பாறையும், சுற்றுலாவும், எதிர்காலமும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாப்ள, அந்தக் காசுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க. ஒருத்தராச்சும் உக்காருவாங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தது நான் இல்லை, என் மனைவி.